பின்புறம் ‘3.8’ என்று எழுதிய கார்: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மின்சார செடான் வேகமா, பெட்ரோல் செடான் வேகமா? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, கணக்கோடு பதில் சொல்லியிருக்கிறோம்.

பிஒய்டி சீல் பெர்ஃபாமன்ஸ் காரின் எடை 2,185 கிலோ. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகம் பிடிக்க 3.8 விநாடி என்று காரின் பின்புறத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் அதைவிட நானூறு கிலோவுக்கு மேல் இலேசு, ஆனால் 4.4 விநாடி ஆகிறது. கனமான வண்டி எப்படி முந்துகிறது?
– வாசகர், சென்னை

இரண்டையும் ஒரு கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதாக வைத்துக்கொள்வோம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பெட்ரோல் காருக்குள் ஒரு வரிசையே நடந்தாக வேண்டும். த்ராட்டில் திறக்க வேண்டும், காற்று உள்ளே போக வேண்டும், எரிந்து வெளியேறும் வாயு டர்போவைச் சுழற்ற வேண்டும், டர்போ அழுத்தம் கூட்ட வேண்டும், அதன் பிறகுதான் டார்க் கன்வர்ட்டர் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். எம்340ஐ-யின் ஆறு சிலிண்டர் இன்ஜின் தரும் 500 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) 1,900 ஆர்.பி.எம்.-க்கு மேல்தான் முழுதாகக் கிடைக்கும். சிக்னலில் நிற்கும் இன்ஜின் அதில் பாதி வேகத்தில்கூடச் சுற்றாது.

மின்சார மோட்டாருக்கு இந்த வரிசை கிடையாது. பாட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டர் கரன்ட்டை ஏற்றினால் டார்க் வந்துவிட்டது. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே முழு டார்க்கையும் கேட்கலாம். சீலில் முன்னே 160 கிலோவாட், பின்னே 230 கிலோவாட் என இரண்டு மோட்டார்கள், சேர்த்து 670 நியூட்டன் மீட்டர். முதல் ஒரு விநாடியில் விழும் இடைவெளியைப் பெட்ரோல் கார் அப்புறம் எட்டிப் பிடிப்பது கடினம்.

அடுத்தது எடை. எடை கூடினால் வண்டி மந்தம் என்பது பாதி உண்மை. புறப்படும் நேரத்தில் வேகத்துக்கு எல்லை கட்டுவது பவர் இல்லை, டயரின் பிடிமானம். எடை கூடும்போது டயர் மேல் அழுத்தமும் கூடுகிறது, பிடிமானமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கூடுகிறது. அதனால் பிடிமானமே எல்லையாக இருக்கும் வரை எடை ஒரு பெரிய நஷ்டம் இல்லை. அது எல்லையாக இல்லாமல் போகும் வேகத்தில் பவரும் எடையும் பேச ஆரம்பிக்கும். அங்கேயும் பார்த்துவிடுவோம். ஓட்டுநரையும் சேர்த்து சீலில் ஒரு டன்னுக்கு 172 கிலோவாட். பிஎம்டபிள்யூவில் 275 கிலோவாட்டை 1.83 டன்னால் வகுத்தால் சுமார் 150. கனமான கார்தான் இங்கேயும் முன்னால்.

இத்தனைக்கும் 0.6 விநாடி என்றால் சாலையில் எவ்வளவு தூரம்? முடுக்கம் ஒரே சீராக இருப்பதாக எடுத்துக்கொண்டால், 3.8-வது விநாடியில் சீல் 53 மீட்டர் போயிருக்கும், பிஎம்டபிள்யூ 46 மீட்டர். ஏழு மீட்டர், அதாவது ஒன்றரைக் கார் நீளம். நேரில் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும், ஏனென்றால் மின்சாரக் கார் முன்னிலையைப் பிடிப்பதே முதல் விநாடியில்தான்.

ஒரு கொசுறு: எம்340ஐ சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் கோர்க்கப்படும் கார். தோற்றாலும் நம்மூர்க்காரர்தான்.

டெஸ்லா மாடல் எஸ் பிளைட் 1.99 விநாடி என்கிறார்கள். வேறு சோதனைகளில் 2.3 என்றும் வருகிறது. யார் பொய் சொல்வது?
– வாசகர், கோவை

யாரும் பொய் சொல்லவில்லை. அளக்கத் தொடங்கும் இடம் வேறு, முடிக்கும் இடமும் வேறு.

முதலில் முடிவு. அமெரிக்கக் கணக்கு மணிக்கு 60 மைல் வரைதான், அது 96.6 கி.மீ. நாம் 100 வரை அளக்கிறோம். அதிலேயே ஒரு சின்ன வித்தியாசம் விழுந்துவிடும்.

தொடக்கத்தில்தான் பெரிய விளையாட்டு. நேர்கோட்டில் ஓடும் ‘டிராக்’ (drag) பந்தயத்தில் முன்சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறித்து நிற்கும். கார் சுமார் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் நகர்ந்த பிறகே அந்தக் கற்றை விடுபட்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இதற்கு ரோல்-அவுட் என்று பெயர். அமெரிக்கப் பத்திரிகைகள் இந்த ஓரடியை நேரத்திலிருந்து கழித்துச் சொல்வது பழைய வழக்கம், டெஸ்லாவும் 1.99 எண்ணுக்கு அடியில் அப்படித்தான் குறிப்புப் போட்டிருந்தது. ஓரடிதானே என்று விட்டுவிடாதீர்கள். புவியீர்ப்பின் அளவுக்கு, அதாவது 1 ஜி முடுக்கத்தில் புறப்படும் கார் அந்த ஓரடியைக் கடக்க 0.25 விநாடி ஆகும். கடக்கும்போது அதன் வேகம் ஏறக்குறைய 9 கி.மீ. ஆக நீங்கள் படிப்பது பூஜ்யத்திலிருந்து எடுத்த நேரம் இல்லை, 9-லிருந்து எடுத்தது. மெதுவான காருக்கு இந்தச் சலுகை இன்னும் கூடுதல்: 0.75 ஜி-யில் கிளம்பும் காருக்கு 0.29 விநாடி.

மூன்றாவது, தரை. டிராக் பந்தயத் தடத்தில் பசை தெளித்திருப்பார்கள், செருப்பை வைத்தால் ஒட்டும். பிளைட் காரை ஓர் அமெரிக்கப் பத்திரிகை பசைத் தரையில் ஓட்டியபோது 1.98, சாதாரணத் தரையில் 2.07.

சீனாவின் ஷாவ்மி எஸ்யு7 அல்ட்ராவுக்குச் சொல்லும் 1.98 விநாடியும் ரோல்-அவுட் கழித்த எண்தான். போர்ஷே, பிஎம்டபிள்யூ போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் எண்ணை வழக்கமாக நின்ற நிலையிலிருந்து 100 வரை சொல்லும். இரண்டு காரை ஒப்பிடும் முன் அடிக்குறிப்பை ஒப்பிடுங்கள்.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கியிருக்கிறேன், 265 ஹெச்.பி., 6.4 விநாடி. ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி, 330 ஹெச்.பி. ஆக்கினால் சீலைப் பிடிக்கலாம் என்கிறார் டியூனர். செய்யலாமா?
– வாசகர், மதுரை

பிடிக்க முடியாது. டியூனர் திறமைசாலியாகவே இருக்கட்டும், முன்சக்கர இழுவைக்கு இயற்கை வைத்த எல்லை ஒன்று இருக்கிறது. கையில் ஒரு காகிதம் எடுங்கள்.

முன்சக்கர இழுவைக் காரில் நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னே இருக்கும். கார் பாயும்போது எடை பின்னால் சாயும். எவ்வளவு சாயும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தை வீல்பேஸால் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) வகுத்தால் தெரியும். 0.53 மீட்டரை 2.68-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.2. அதாவது 0.5 ஜி முடுக்கத்தில் 10 சதவீத எடை பின்னால் போய்விடும், முன்னே மிஞ்சுவது 50 சதவீதம். நல்ல டயர், காய்ந்த தார் என்றால் பிடிமானக் குணகம் 1 என்று தாராளமாகவே வைப்போம். எடையில் பாதிதான் முன்சக்கரத்தில் இருக்கிறது என்றால், கிடைக்கக்கூடிய அதிகபட்ச முடுக்கமும் 0.5 ஜி-தான். அதற்கு மேல் மிதித்தால் டயர் சுற்றும், புகை வரும், கார் போகாது.

0.5 ஜி-யிலேயே கடைசி வரை போனால் 100 கி.மீ. பிடிக்க 5.7 விநாடி. உங்கள் காரில் ஆயிரம் ஹெச்.பி. வைத்தாலும் அந்த டயரோடு இதுதான் எல்லை. இப்போது 6.4-ல் இருக்கிறீர்கள். ரீமேப் அதிகபட்சம் அரை விநாடி வாங்கித் தரலாம், அதுவும் பெரும்பாலும் 70-க்கு மேல்தான் தெரியும்.

இதே கணக்கைப் பின்சக்கர இழுவைக்குப் போடுங்கள். எடை பாதிப் பாதி, பாயும்போது 12 சதவீதம் பின்னால் வருகிறது. 0.62 ஜி, 4.5 விநாடி. நான்கு சக்கரமும் இழுத்தால் 1 ஜி, 2.8 விநாடி. மூன்று விநாடிக்குக் கீழே போகும் செடான்கள் எல்லாமே நான்கு சக்கர இழுவையாக இருப்பது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ரீமேப் செய்தால் என்ன கெடும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாரன்ட்டி. பிறகு கியர்பாக்ஸ் கிளட்ச்: டார்க் ஏறும்போது வழுக்கத் தொடங்கும், எண்ணெய் சூடாகும், மூன்றாவது நான்காவது கியரில் ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறாமல் நிற்கும். அப்படி ஒரு முறை உணர்ந்தாலே மேப்பைத் திருப்பி எடுத்துவிடுங்கள். முடுக்கம்தான் வேண்டுமென்றால் அந்தக் காசை நல்ல டயருக்குப் போடுவது மேல்.

கைபேசி ஆப் வைத்து என் காரை அளந்தேன். ஒரு முறை 3.2, அடுத்த முறை 4.6 காட்டியது. எது சரி?
– வாசகர், திருச்சி

இரண்டும் தவறு.

பெரும்பாலான கைபேசிகளின் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் வேகத்தைப் பதிகிறது. 0.75 ஜி-யில் பாயும் கார் ஒரு விநாடியில் 26 கி.மீ. வேகம் கூட்டிவிடும். அதாவது ஒரு பதிவில் 88, அடுத்த பதிவில் 114. நடுவில் 100 எப்போது வந்தது என்பதை ஆப் ஊகிக்கிறது. சில ஆப்கள் கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியையும் சேர்த்துக்கொள்ளும். அதில் வேறு தொல்லை: கார் பாயும்போது மூக்கு தூக்கும், ஹோல்டரும் சாயும். ஒரு டிகிரி சாய்ந்தாலே 0.017 ஜி பொய்யாகச் சேரும்.

டேஷ்போர்டை வீடியோ எடுத்து நேரம் பார்ப்பதும் வேண்டாம். ஐ.நா. விதி 39-ன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.-யும் வரை. அதனால் எல்லா நிறுவனமும் கொஞ்சம் கூட்டியே வைக்கும். முள் 100 தொடும்போது உண்மை வேகம் 95 ஆக இருக்கலாம். யூடியூபில் கம்பெனி எண்ணையே மிஞ்சும் கார்களில் பாதி இப்படிப் பிறந்தவை.

சரியாக அளக்க வேண்டுமென்றால் விநாடிக்கு 10 முறையாவது பதியும் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டும். டிராகி போன்ற சின்னக் கருவி தனி ஆளுக்குப் போதும், சோதனைக்காரர்கள் வைத்திருப்பது விபாக்ஸ். கருவியை வானம் தெரியும்படி டேஷ்போர்டின் மேல் அசையாமல் ஒட்டுங்கள், செயற்கைக்கோள்கள் பிடிபட்டு எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில், கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி வையுங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். ரோல்-அவுட் வேண்டுமா வேண்டாமா என்று கருவியின் செட்டிங்கில் முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

பிறகு ஒரே தரையில் எதிரெதிர்த் திசைகளில் ஓட்டி, சராசரி எடுங்கள். இது ரொம்ப முக்கியம். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் சாலை 1 சதவீதம் சரிவாக இருக்கலாம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம், அவ்வளவே. அதற்கே 3.8 விநாடிக் காருக்கு 0.05 விநாடி இனாமாகக் கிடைக்கும். கூட ஒருவர் உட்கார்ந்தால் 0.1 விநாடி வரை போகும். ஏசி? சீலில் ஏசி கம்ப்ரசர் எடுப்பது இரண்டு மூன்று கிலோவாட், மோட்டார் எடுப்பது 390. ஓடட்டும் விடுங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈசிஆரில் அதிகாலையில் என்றால் அது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு. அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ செய்தால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு, 10,000 ரூபாய். இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இடம் கிடைக்கும் நாளில் ஓட்டுங்கள். அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளம் இருந்தது, இப்போது அந்தக் கொடுப்பினை இல்லை.

என் எம்340ஐ-யில் எத்தனை முயன்றும் 4.4 வரவில்லை, 5-ஐ ஒட்டியே நிற்கிறது. நண்பரின் மின்சாரக் காரில் அவர் மனைவி மிதித்தாலும், மகன் மிதித்தாலும் ஒரே எண் வருகிறது.
– வாசகர், சேலம்

இந்த ஒரு வரியில் இரண்டு கார்களுக்கும் உள்ள நிஜ வித்தியாசத்தைச் சொல்லிவிட்டீர்கள். பெட்ரோல் காரின் 4.4 என்பது ஒரு செய்முறையின் பலன். செய்முறை தவறினால் எண்ணும் தவறும்.

நின்ற இடத்திலிருந்து முழு வீச்சில் பாய உதவும் லாஞ்ச் கன்ட்ரோலை இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், குறைந்தது 10 கி.மீ. நிற்காமல் ஓட்டி வந்திருங்கள். ஸ்டீயரிங் நேராக. ஸ்போர்ட் ப்ளஸ் மோடைத் தேர்ந்தெடுத்து, இழுவைக் கட்டுப்பாடு தளர்ந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று திரையில் பாருங்கள். கியர் லீவர் எஸ் நிலையில். இடது காலால் பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். வலது காலால் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு, அந்தக் கடைசி ‘கிளிக்’கையும் தாண்டி அழுத்துங்கள். ஆர்.பி.எம். ஓரிடத்தில் நிலைத்து, திரையில் கொடி அடையாளம் வரும். அதன் பிறகு மூன்று விநாடிக்குள் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தவே கூடாது.

கொடி வராமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, பிரேக்கை அரைகுறையாக மிதித்தீர்கள், அல்லது சற்று முன்புதான் ஒரு லாஞ்ச் அடித்திருக்கிறீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கியர்பாக்ஸ் ஆற ஐந்து நிமிடமாவது விடுங்கள். புதுக் காரின் ரன்னிங்-இன் (ஆரம்பப் பழக்க ஓட்டம்) முடியும் வரை இந்தப் பக்கமே போக வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் 4.7, 4.8-ல் நின்றால் குற்றம் வெயிலுடையது. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைகிறது. டர்போ அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடாகிவிட்டால் இன்ஜின் கணினி நாக்கிங்குக்கு (பெட்ரோல் தாறுமாறாக எரிவதற்கு) பயந்து தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். பவர் அங்கே போய்விடும். ஆக்டேன் குறைந்த பெட்ரோலிலும் இதே கதை. டாங்க் கிட்டத்தட்டக் காலியான பிறகு உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டு, நூறு கி.மீ.-யாவது ஓட்டிவிட்டு, விடியற்காலையில் முயன்று பாருங்கள். பழைய பெட்ரோலோடு கலந்து ஊற்றிவிட்டு உடனே வித்தியாசம் தேடினால் கிடைக்காது.

ஊட்டியில் இருக்கிறேன். மேட்டு நிலத்தில் கணக்கு மாறுமா?
– வாசகர், உதகமண்டலம்

மாறும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். டர்போ இல்லாத இன்ஜின் பவரில் ஏறக்குறைய அவ்வளவையும் இழக்கும். டர்போ உள்ளது ஓரளவு தாங்கும், ஆனால் அழுத்தம் ஏற நேரம் எடுக்கும். மோட்டாருக்குக் காற்று எதற்கு?

பாட்டரி 30 சதவீதத்தில் இருக்கும்போதும் 3.8 விநாடி வருமா? நாலைந்து முறை தொடர்ந்து மிதித்தால்?
– வாசகர், ஈரோடு

முதலில், ஒரு பாய்ச்சலுக்கு எவ்வளவு கரன்ட் செலவாகிறது? ஓட்டுநரோடு 2,265 கிலோ எடையை 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல் கால் யூனிட்டுக்கும் குறைவு. இழப்பையும் சேர்த்தால் 0.3 யூனிட் என்று வையுங்கள். பாட்டரியில் இருப்பது 82.56 யூனிட். ஆக, தீர்ந்துபோவது பிரச்சினை இல்லை. பிரச்சினை இரண்டு: மின்னழுத்தமும் சூடும்.

சீலின் பாட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் 172 தொடராக இணைந்திருக்கின்றன, மொத்தம் 550 வோல்ட். 390 கிலோவாட் வேண்டுமென்றால் 700 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அவ்வளவு கரன்ட் ஓடும்போது செல்லின் உள்தடையால் வோல்ட்டேஜ் இறங்கும். சார்ஜ் குறைவாக இருந்தால் இறங்கும் இடமே கீழே. ஆனால் இதன் விளைவைத் தவறான இடத்தில் தேடாதீர்கள். 0-60 வரை மோட்டாரின் டார்க்கை நிர்ணயிப்பது கரன்ட், அங்கே சார்ஜ் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மோட்டார் வேகமாகச் சுற்றும்போதுதான் அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை மீறித் தள்ள வோல்ட்டேஜ் வேண்டும். அதனால் தளர்ச்சி 80, 100-க்கு மேல்தான் தெரியும்.

சீலில் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை. இதன் வோல்ட்டேஜ் கோடு நடுப்பகுதியில் தட்டையாக இருக்கும், 30 சதவீதத்தில்கூடப் பெரிதாக விழாது. அடிமட்டத்துக்கு வரும்போது சட்டென்று சரியும். நிக்கல் வகைப் பாட்டரியில் செல் 4.2 வோல்ட்டிலிருந்து 3.5 வரை படிப்படியாக இறங்கும், ஆறில் ஒரு பங்கு இழப்பு. அந்தக் கார்களில் 90 சதவீதத்தில் எடுத்த எண்ணும் 30-ல் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

சூட்டைப் பொறுத்தவரை: கரன்ட் இரட்டித்தால் கம்பியிலும் செல்லிலும் சூடு நான்கு மடங்கு. அதனால்தான் முழு மிதி மூன்று நான்கு முறை தொடர்ந்தால் கணினி தானாகவே பவரைக் குறைக்கும். சீலில் ஏசி வாயுவையே பாட்டரித் தட்டுக்கு நேராக ஓடவிட்டுக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு, சீக்கிரம் மீளும். அளக்கிறவர்கள் 80 முதல் 95 சதவீதத்துக்குள் சார்ஜ் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள். நிறுத்தி அணைத்துவிட்டால் குளிர்விப்பும் குறையலாம். வேகச் சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு சோதனைக்குப் போக வேண்டாம், பாட்டரி அப்போதுதான் கொதித்திருக்கும்.

இரண்டு மோட்டார்களின் பவரைக் கூட்டி விளம்பரத்தில் போடுவது நியாயமா?
– வாசகர், தஞ்சாவூர்

மோட்டார் எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று, பாட்டரி எவ்வளவு கொடுக்கும் என்பது இன்னொன்று. சிறியது எதுவோ அதுதான் உங்களுக்கு. இதில் டெஸ்லா நன்றாகவே மாட்டிக்கொண்டது. 2014-ல் வந்த பி85டி மாடலுக்கு முன்மோட்டாரையும் பின்மோட்டாரையும் கூட்டி 691 ஹெச்.பி. என்றார்கள். 2015-ல் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் ஜே.பி. ஸ்ட்ராபெல், பாட்டரியின் எல்லையைக் கணக்கில் கொண்டால் 463 ஹெச்.பி. என்று விளக்க வேண்டியதாயிற்று. நார்வே வாடிக்கையாளர்கள் விடவில்லை, 2016-ல் சமரசம் பேசி இழப்பீடு கொடுத்தார்கள். சண்டை முக்கியமாக ஹெச்.பி. எண்ணைப் பற்றித்தான். இருநூறு குதிரை குறைந்தது வேகம் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிடான புது பிஎம்டபிள்யூ எம்5-க்கு 727 ஹெச்.பி. பழைய எம்5 காம்பெடிஷனுக்கு 625. ஆனால் புதியது 3.5 விநாடி, பழையது 3.3. மோட்டாரும் சேர்த்தால் வேகம் கூட வேண்டாமா?
– வாசகர், திருநெல்வேலி

ஓட்டுநரையும் சேர்த்துப் பழையது சுமார் 1,970 கிலோ, புதியது சுமார் 2,510. டன்னுக்கு 317 ஹெச்.பி. இருந்தது 290 ஆகிவிட்டது. பாட்டரி, மோட்டார், அவற்றைத் தாங்கும் உடல்கட்டு எல்லாம் சேர்ந்த கனம் அது. 0-200-லும் பழையது 10.8 விநாடி, புதியது 10.9. ஹைப்ரிடில் மோட்டார் எட்டு கியர் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் 197 ஹெச்.பி. டர்போ விழிக்கும் வரை உள்ள பள்ளத்தை நிரப்புவதற்கு. மிதித்தவுடன் கிடைக்கும் அந்த விறுவிறுப்பு ஸ்டாப்வாட்சில் ஏறாது, காலில் தெரியும்.

மின்சாரக் காருக்கு ஒரே கியர். அப்படியென்றால் 200-க்கு மேல் பெட்ரோல்தானே ராஜா?
– வாசகர், புதுச்சேரி

சாதாரணமாக ஆமாம். ஒரே கியரில் 0-60-க்கும் இழுக்க வேண்டும், உச்ச வேகத்துக்கும் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே பல்லால் கடிக்க முடியாது. அதனால் சீல் 180 கி.மீ.-யில் நிறுத்திவிடுகிறது. பிஎம்டபிள்யூ ஐ4 எம்50 100-க்கு 3.9 விநாடியில் போகும், ஆனால் 225 தான் உச்சம். அண்ணன் எம்340ஐ 250 வரை போகும்.

போர்ஷே டைகான் இதற்கு வேறு வழி கண்டது. பின் மோட்டாருக்கு இரண்டு கியர்: சுமார் 15-க்கு 1, அடுத்தது 8-க்கு 1. முதலாவது புறப்படுவதற்கு, இரண்டாவது ஆட்டோபானுக்கு. 2020-ல் வந்த டைகான் டர்போ எஸ் 100-க்கு 2.8, 200-க்கு 9.8 விநாடி. அதைவிடப் பல நூறு கிலோ இலேசான பெட்ரோல் எம்5 சிஎஸ் 3.0, 10.4. நூறிலிருந்து இருநூறுக்கு ஒன்று 7.0, மற்றது 7.4. மேல் வேகத்தில் பெட்ரோல் எட்டிப் பிடிக்கும் என்ற பழைய நம்பிக்கை இந்த ஜோடியிடம் பலிக்கவில்லை.

டயர் மாற்றும் நேரம். மைலேஜ் டயர் போடலாமா?
– வாசகர், வேலூர்

போட்டால் ரேஞ்ச் கூடும், பாய்ச்சல் குறையும். பிடிமானக் குணகம் 1-லிருந்து 0.85-க்கு இறங்கினாலே முதல் 60 கி.மீ. வேகம் வரை இழுவைக் கட்டுப்பாடு பவரை வெட்டிக்கொண்டே இருக்கும். சீலின் அளவு 235/45 ஆர்19. அளவு பொருந்தினால் மட்டும் போதாது, பக்கவாட்டில் எழுதியிருக்கும் பாரக் குறியீடு பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 2.2 டன் வண்டி இது.

எனக்குப் பந்தயம் வேண்டாம். ஹைவேயில் லாரியை முந்த எது நல்லது?
– வாசகர், நாமக்கல்

இதுதான் தினமும் பயன்படும் கேள்வி, இதை ஏன் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை என்று தெரியவில்லை. 80-லிருந்து 120 பிடிக்கும் நேரம்தான் நீங்கள் பார்க்க வேண்டியது.

80-ல் நிதானமாகப் போகும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மேல் கியரில் கிடக்கும். முழுதாக மிதித்தால் மூன்று, நான்கு கியர் கீழே இறங்கி, டர்போ ஏறி, பிறகு பாயும். இதில் அரை விநாடி போனால் கார் 11 மீட்டர் போயிருக்கும், அதாவது கார் இன்னும் விழிக்காமலே முந்துவதற்கு இருந்த சாலையில் அவ்வளவு தீர்ந்துவிடுகிறது. அதனால் பெட்ரோல் காரில் முந்துவதற்கு வெளியே வரும் முன்பே இடதுபுறப் பேடிலை இரண்டு மூன்று முறை தட்டி, ஆர்.பி.எம்.-ஐ 3,000-க்கு மேல் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மிதித்தால் தாமதம் இருக்காது.

மின்சாரக் காரில் இந்த முன்னேற்பாடு எதுவும் வேண்டாம். வேறு ஒரு பழக்கம் வேண்டும். முந்தி முடித்ததும் வேகமானியைப் பாருங்கள். சத்தமே இல்லாததால் 110 என்று நினைத்த வேகம் 140-ல் நிற்கும். 120-ல் போகும் சீலை நிறுத்த பிரேக்கும் ரீஜெனும் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்குவது) சேர்ந்து விழுங்க வேண்டிய ஆற்றல், அதே வேகத்தில் போகும் எம்340ஐ-யை விட நான்கில் ஒரு பங்கு அதிகம். 140 என்றால் அதற்கு மேலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். முன்னால் இன்னொரு லாரி பிரேக் பிடிக்கும்போது உங்களுக்கு வேண்டிய இடைவெளியை இந்தக் கணக்கில் வையுங்கள். லாரிக்காரர் கண்ணாடியில் உங்கள் இரண்டு ஹெட்லைட்டும் தெரியும் அளவுக்குப் பின்தங்கியே நின்று, சாலை தெளிந்ததும் வெளியே வாருங்கள்.